உயர்ந்த கையும் தாழ்ந்த கையும்

கொரிய நாட்டு இளைஞன் ஒருவன் கணனியின் முன்னமர்ந்து, முகமறியாத எதிரி ஒருவனோடு பொருது, சில நிமிடங்களுள் அவனை வீழ்த்திவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். தோற்றவன் சினங்கொள்ளாதவனாயின், திரையின் ஓரத்திலே, “நீங்கள் ஒரு கோசுவோ?” என்று எழுதிக் கேட்பான். வென்றவன் அடக்கமுடையவனாயின், “இல்லை, நான் ஹாசுதான்” என்று விடையிறுப்பான். கோசு என்றால் உயர்ந்த கை. ஹாசு என்றால் தாழ்ந்த கை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவனை ஜுங்சு, அதாவது நடுக்கை, என்பர். நாமும் ஒரு தொழிலில் வல்லவனைக் கைதேர்ந்தவன் என்றும், அவன் பயின்றதைக் கைவந்த கலை என்றும் சொல்கிறோம் அல்லவா? திறமை தலையில் இருப்பினும் அதன் பெருமையைக் கைக்குக் கொடுப்பது நமக்கு மட்டும் உரிய வழக்கமன்று.

இச்சொற்கள் இன்றைய பையன்களின் கொச்சைப் பேச்சென்று கொரியாவிலேயே பலர் எண்ணிக் கழித்துவிடுகின்றனர். அவ்வாறு கழித்துவிடுவது தவறென்றே எனக்குத் தோன்றுகிறது. இணைய விளையாட்டில் ஒருவனுடைய தரத்தைக் குறிக்கக் கொரியர் வழங்கும் சொற்களுள் முக்கியமானவை யாவும் அந்த விளையாட்டுகளுக்கு மூத்தவை. ஒன்று பலகையாட்டத்திலிருந்து வந்தது. ஒன்று வீரக்கதை நூல்களிலிருந்து வந்தது. ஒன்று மன்னராட்சிக் காலத்துச் சாதிமுறையிலிருந்து புறப்பட்டு, 1951ஆம் ஆண்டின் புதைகுழிகளைக் கடந்து வந்தது. அவை வந்த வழியை நோக்குவோம்.

கோசு என்னும் சொல் பிறந்த இடம் பாதுக் என்னும் பலகையாட்டம். சீனர் வெய்ச்சி என்றும், யப்பானியர் கோ என்றும் வழங்கும் ஆட்டம் இதுவே. குறுக்கும் நெடுக்குமாகப் பத்தொன்பது கோடுகள். அவை வெட்டுமிடங்கள் 361. கறுப்புக் கற்களும் வெள்ளைக் கற்களும். இருவர் மாறிமாறி ஒவ்வொரு கல்லாக வைத்து, நிலத்தை வளைத்துக்கொள்ள முயல்வர். ஒரு கல்லை வைத்தலாகிய ஒரு செயலுக்கும் கொரிய மொழியிலே ‘சு’, அதாவது கை, என்றே பெயர். நல்ல காய்நகர்த்தலை நல்ல கை என்பர். ஆகவே, உயர்ந்த கை என்பது உயர்ந்த ஆட்டக்காரனையும் குறிக்கும். அவன் வைக்கும் கல்லையும் நினைவூட்டும்.

இந்த ஆட்டத்தில் திறமையைப் படிப்படியாகப் பகுத்து ஒவ்வொரு படிக்கும் பெயரிடும் வழக்கம் மிகப் பழையது. பதினோராம் நூற்றாண்டிலே, சொங் மரபினர் சீனத்தை ஆண்ட காலத்தில், சாங் நி என்பார் இயற்றிய பதின்மூன்று அதிகாரங்கொண்ட ஆட்டநூலில் ஒன்பது தரங்கள் கூறப்பட்டுள்ளன. அவற்றின் பெயர்கள் சுவையானவை. அடிப்படியில் நிற்பவன் ‘தன் மந்தத்தைக் காப்பவன்’. அவனுக்கு மேலுள்ளவன் ‘பேதைபோல் தோன்றுபவன்’. அடுத்தவன் ‘வலிமையால் பொருபவன்’. அவனுக்கு மேல் ‘சிறு நுட்பம் உடையவன்’. பின்னர் ‘அறிவைப் பயன்படுத்துபவன்’. இவ்வாறே ஏறிச் சென்றால், எட்டாம் படியில் ‘இருந்தபடியே ஒளிர்பவன்’. ஒன்பதாம் படியில் ‘தெய்வநிலை புகுந்தவன்’. இந்த ஒன்பது பெயர்களையும் கொரியர் இன்றும் தொழில்முறை ஆட்டக்காரரின் ஒன்பது தகுதிகளுக்கு வழங்குகின்றனர். ஒன்பதாந் தரத்தவரைப் பத்திரிகைகள் இப்சின், தெய்வநிலை புகுந்தவர், என்றே எழுதும்.

இங்கே ஒன்றைக் கருதவேண்டும். பேதைபோல் தோன்றுபவன், மந்தத்தைக் காப்பவன் என்பன வசைகளல்ல. தன் குறையை அறிந்து அதனைக் காத்துக்கொள்ளத் தெரிந்தவனே ஏணியின் முதற்படியில் கால்வைத்தவன் என்பது அக்காலத்தார் கருத்து. மேலும், பாதுக் ஆட்டத்தில் தரத்தைக் கேட்டறிவதற்கு ஒரு காரணம் உண்டு. வல்லவனும் எளியவனும் எதிரெதிரே அமரும்போது, எளியவன் கறுப்புக் கற்களை எடுத்து, இருவருக்கும் உள்ள வேற்றுமைக்கு ஏற்பச் சில கற்களைப் பலகையில் முன்னரே வைத்துக்கொள்வான். வேற்றுமை மிகுதியாயின் ஒன்பது கற்கள்வரை வைக்கலாம். அதன்பின் ஆட்டம் இருவருக்கும் உழைப்பைத் தரும். ஆகவே, “உங்கள் தரம் யாது?” என்ற வினா அங்கே மரியாதையின் ஒரு பகுதி. தாழ்ந்த கை என்பது நிலையான பட்டமுமன்று. ஒருவன் தன் ஆசிரியர்முன் தாழ்ந்த கை. தம்பிமுன் அவனே மேற்கை.

இந்த மரபு இருபதாம் நூற்றாண்டிலே புத்துயிர் பெற்றது. யப்பான் சென்று கித்தானி மினொரு என்னும் ஆசானிடம் பயின்று திரும்பிய சோ நாம் சுல், நாடு விடுதலைபெற்ற 1945ஆம் ஆண்டிலே சியோல் நகரில் ஓர் ஆட்டக்கழகத்தை நிறுவினார். இன்றைய கொரிய பாதுக் கழகத்தின் மூலம் அதுவே. 1956இல் குக்சு என்னும் போட்டி தொடங்கப்பட்டபோது அதன் முதற் பட்டமும் அவருக்கே கிடைத்தது. குக்சு என்றால் ‘நாட்டின் கை’. போரினால் இடிந்துகிடந்த நாடொன்று, தன் கை இன்னாருடையது என்று ஆண்டுதோறும் ஒருவரைச் சுட்டிக்காட்டியது. தெருவோர ஆட்டக்கூடங்களிலே புகைபிடித்துக்கொண்டு கல்வைத்த முதியோர் முதல் பாடசாலைச் சிறுவர் வரை கோசு, ஹாசு என்ற சொற்கள் எல்லோருக்கும் பழக்கமாயின. சமையலில் வல்ல பெண்ணையும், வண்டி ஓட்டுவதில் வல்ல சாரதியையும் கோசு என்று அழைப்பது சாதாரணப் பேச்சாயிற்று. வாள்வீரர் கதைகளிலும் அச்சொல் புகுந்தது. மலைச்சாரலில் யாருமறியாது வாழும் கிழவர், ஒருநாள் கைத்தடியை வீசினால் பத்துப்பேர் விழுவர். ‘ஒளிந்துவாழும் கோசு’ என்னும் இந்தப் பாத்திரம் கொரிய வாசகருக்கு மிகவும் உகந்தது.

இனி 1997ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டின் இறுதியில் கொரியாவின் அந்நியச் செலாவணி வற்றிப்போயிற்று. டிசம்பர் 3ஆம் நாள் சர்வதேச நாணய நிதியத்தோடு அரசாங்கம் உடன்பாடு செய்துகொண்டது. பல்லாயிரம் நிறுவனங்கள் முறிந்தன. வேலையின்மை 1998இல் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழாக உயர்ந்தது. அதுவரை கொரியக் குடும்பங்கள் நம்பியிருந்த ஏணி ஒன்று உண்டு: நல்ல பாடசாலை, நல்ல பல்கலைக்கழகம், பெரிய நிறுவனம், ஆண்டுக்காண்டு உயரும் பதவி. அந்த ஏணியில் பாதிவழி ஏறியவரும் கீழே தள்ளப்பட்டனர். வேலையிழந்தோருட் பலர் கையிலிருந்த ஓய்வுப்பணத்தை முதலாக்கிச் சிறுகடைகள் தொடங்கினர். அவற்றுள் ஒருவகை பிசிபாங் எனப்பட்டது. பாங் என்றால் அறை. வரிசையாகக் கணனிகள், விரைவான இணையத் தொடர்பு, ஒரு மணித்தியாலத்துக்கு ஆயிரம் வொன் அளவில் கட்டணம், பசித்தால் ஒரு கிண்ணம் நூடில்ஸ். 2001ஆம் ஆண்டளவில் இத்தகைய அறைகள் நாடெங்கும் இருபதினாயிரத்துக்கு மேல் இருந்தன.

அவ்வறைகளை நிரப்பிய ஆட்டம் ஸ்டார்கிராப்ட். அமெரிக்காவின் பிளிசார்ட் நிறுவனம் 1998 மார்ச் மாதத்தில் அதனை வெளியிட்டது. மூன்று இனங்களின் விண்வெளிப் போர் அதன் கதை. ஆட்டக்காரன் சுரங்கம் தோண்டி, படை திரட்டி, எதிரியின் தளத்தை அழிக்கவேண்டும். பாதுக் ஆட்டத்தைப்போலவே நிலத்தை வளைத்தலும், எதிரி நினைப்பதை முன்னறிதலும் இதிலும் உண்டு; ஆனால் சிந்திக்கத்தான் நேரமில்லை. 2007 வரை உலகெங்கும் விற்ற ஏறக்குறைய 95 இலட்சம் பிரதிகளுள் 45 இலட்சம் கொரியாவிலே விற்றனவாகச் சொல்லப்படுகிறது. இணையத்திலே வெற்றிதோல்விகளைப் புள்ளிகளாக்கி ஆட்டக்காரரை வரிசைப்படுத்தும் பட்டியலுக்கு ஏணி என்றே பெயர். அலுவலக ஏணி ஒடிந்த அதே ஆண்டில் இந்த ஏணி வந்தது தற்செயல்தான். ஆயினும் வேலை தேடி அலுத்த இளைஞனுக்கு, குலமும் கல்லூரியும் கேளாத இந்த ஏணி எத்துணை ஆறுதலாயிருந்திருக்கும்!

புதிய ஏணிக்குப் புதிய சொற்களை ஒருவரும் உண்டாக்கவில்லை. தந்தைமார் பாதுக் கூடத்தில் பேசியதையே மைந்தர் பிசிபாங்கில் பேசினர். அயலிலே எல்லோரையும் வெல்பவன் ‘ஊர்க் கோசு’ ஆனான். இங்கிருந்தே அச்சொல் கடல் கடந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஸ்டார்கிராப்ட் ஆடியோர் கொரியரைப் பார்த்துத் தாமும் கோசு என்று எழுதத் தலைப்பட்டனர். அது கையைக் குறிப்பதென்பதை அவர்களுட் சிலரே அறிந்திருப்பர்.

தொடக்கநிலையாளனுக்கு வழங்கிய சொல் சோபோ. முதலடி என்பது அதன் பொருள். நம் கற்றுக்குட்டிக்கு இணையானது. கொரியாவில் புதிதாகக் கார் ஓட்டுபவர்கள் ‘சோபோ ஓட்டுநர்’ என்று எழுதிய அட்டையை வண்டியின் பின்கண்ணாடியில் ஒட்டிக்கொள்வர். பின்னே வருபவர் பொறுமை காட்டவேண்டும் என்பது அதன் வேண்டுகோள். விளையாட்டிலும் “நான் சோபோ, பொறுத்தருள்க” என்று சொல்லித் தொடங்குதல் முதலில் நாகரிகமாகவே இருந்தது.

பொறுத்தருளுதல் நீடிக்கவில்லை. ஒருவன் முன் ஒருவன் அமராமல், பெயரும் முகமும் மறைந்து ஆடும் இடத்திலே, சொற்கள் விரைவில் கூர்மை பெற்றன. ஹொஜொப் என்ற சொல் வந்தது. வேண்டியவற்றை எடுத்தபின் எஞ்சும் குப்பையைக் குறிக்கும் சொல்லொன்றின் தலைப்பகுதி அது. திறமையற்ற ஆட்டக்காரன் குப்பையானான். அந்த முழுச்சொல்லின் மக்கள் வழக்கான வடிவத்தை அறிஞர் நெடுங்காலம் பிழையென்று ஒதுக்கியிருந்தனர். 2011 ஓகஸ்டில் கொரியத் தேசிய மொழி நிறுவனம் 39 சொற்களைப் புதிதாகச் செம்மொழி வழக்கில் ஏற்றபோது அதுவும் ஏற்கப்பட்டது. வசையொன்று இவ்வாறு அகராதியில் மேலிடம் பெற்றதை மொழியாராய்வோர் கவனிக்கலாம்.

சோடிங் என்பது இன்னொரு வசை. ஆரம்பப் பாடசாலை மாணவன் என்பதன் சுருக்கம். பொறுப்பின்றி ஆடிக் கூட்டத்தைக் கெடுப்பவன் முப்பது வயதினனாயினும் சோடிங் எனப்படுவான். இச்சொல்லின் பிறப்பை நாம் திட்டமாக ஓர் எல்லைக்குள் அடைக்கலாம். 1996 மார்ச் 1ஆம் நாள்வரை அப்பாடசாலைகளுக்கு வேறு பெயர். யப்பானியர் ஆட்சிக்காலத்தில் இடப்பட்ட ‘குடிமக்கள் பாடசாலை’ என்ற பெயரை நீக்கி, ஆரம்பப் பாடசாலை என்று அரசாங்கம் மாற்றியது அன்றுதான். குடியேற்ற ஆட்சியின் சுவட்டை அழிக்க இடப்பட்ட பெயர், சில ஆண்டுகளுள் பையன்களின் வாயில் வசையாயிற்று. பெயர் மாற்றியவர்கள் இதனை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இச்சொற்களுள் என் நெஞ்சைவிட்டு அகலாதது யாங்மின் என்பது. நேர்ப்பொருள் ‘நல்ல மக்கள்’. சோசொன் மன்னர் காலத்திலே சமூகம் படிகளாகப் பிரிந்திருந்தது. மேலே யாங்பான் எனப்பட்ட பிரபுக்கள். கீழே அடிமைகள், இறைச்சி வெட்டுவோர் முதலான இழிந்தோர் எனப்பட்டவர். இடையே வரிகட்டி, உழுது, படைக்கு ஆள்கொடுத்த பொதுமக்கள் யாங்மின். 1894ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் அந்தப் படிகளைச் சட்டத்தளவில் ஒழித்தது. சொல் மாத்திரம் நின்றது. குற்றமற்ற சாதாரண குடிகள் என்னும் பொருளை ஏற்றது.

பின்பு 1950இல் போர் மூண்டது. 1951 பெப்ரவரியிலே, தெற்கு மலைநாட்டின் கொச்சாங் மாவட்டத்தில், சின்வொன் என்னும் பகுதியின் கிராமங்களைத் தென்கொரியாவின் சொந்தப் படையினரே சூழ்ந்தனர். மலைகளில் ஒளிந்திருந்த கெரில்லாக்களுக்கு ஊரார் துணைபோயினர் என்பது குற்றச்சாட்டு. சில நாட்களுள் 719 பேர் கொல்லப்பட்டனர் என்பது அரசாங்கம் ஏற்ற கணக்கு. குழந்தைகளும் முதியோரும் அவர்களுட் பெருந்தொகையினர். அடுத்த மாதமே பாராளுமன்றத்தில் இது வெளிப்பட்டது. எனினும், இறந்தோரின் பெயரைக் காக்கும் சட்டம் 1996இலே தான் பிறந்தது. கொரியர் இந்நிகழ்ச்சியை ‘கொச்சாங் யாங்மின் ஹாக்சால்’ என்று வழங்கினர். ஹாக்சால் என்றால் படுகொலை. நல்ல மக்களின் படுகொலை.

பிசிபாங்கின் இளைஞர், வல்லவன் ஒருவன் வேண்டுமென்றே கற்றுக்குட்டிகள் ஆடும் இடம் தேடிச் சென்று அவர்களை ஒருவர் பின் ஒருவராக வீழ்த்துவதை எந்தச் சொல்லால் குறித்தனர் தெரியுமா? அதே சொற்றொடரால். யாங்மின் ஹாக்சால். எளிய ஆட்டக்காரர் ‘நல்ல மக்கள்’. அவர்களை வெல்வது ‘படுகொலை’. நாளடைவில் அதனையும் சுருக்கி யாங்ஹாக் என்றாக்கிவிட்டனர். இன்று அச்சுருக்கத்தை எழுதும் பதினைந்து வயதுச் சிறுவனுக்குச் சின்வொன் பள்ளத்தாக்கு நினைவில் வருமென்று சொல்ல முடியாது.

இதனைக் கேட்டுச் சினப்பது எளிது. நானும் முதலிலே சினந்தேன். ஆனால் சற்று ஆழ்ந்து நோக்கினால், அச்சொல்லில் ஒரு கண்டனமும் அடங்கியிருக்கிறது. எளியவரைத் தேடிச்சென்று அடிப்பவன் வீரனல்லன் என்பதைச் சொல்ல அவர்களுக்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. தம் நாட்டின் நினைவிலே கைக்கெட்டியவற்றுள் மிகக் கொடிய சொல்லை எடுத்தனர். எடுத்தது அளவுக்கு மிஞ்சியதென்பதில் ஐயமில்லை. அச்சொல்லைக் கல்லில் பொறித்து ஆண்டுதோறும் அழும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. கொரிய வரலாற்றாசிரியருள் ஒரு சாராரோ வேறொரு காரணத்துக்காக யாங்மின் என்பதை விலக்கி, ‘பொதுமக்கள் படுகொலை’ என்றே எழுதுகின்றனர். நல்ல மக்கள் என்று சொன்னால், நல்லவரல்லாதாரைக் கொல்லலாமோ என்ற வினா எழும் அன்றோ?

இனி ஏணியின் உச்சிக்குச் செல்வோம். 2000ஆம் ஆண்டிலே கொரியாவில் விளையாட்டுக்கென்றே தனியான தொலைக்காட்சி அலைவரிசை ஒன்று தோன்றியது. அதே ஆண்டில் மின்விளையாட்டுச் சங்கமும் அமைந்தது. ஆட்டம் தொழிலாயிற்று. 2004 ஜூலை 17இல் பூசான் நகரின் குவாங்கல்லிக் கடற்கரையில் இறுதிப்போட்டி ஒன்று நடந்தபோது ஓரிலட்சம் பேர் கூடியதாகப் பத்திரிகைகள் எழுதின. மணலில் அமர்ந்து, இரு இளைஞர் சுட்டியை அசைப்பதைப் பெருந்திரையில் பார்க்க வந்த கூட்டம் அது.

இத்தகைய ஆட்டக்காரரைக் கோசு என்று சொன்னாற் போதவில்லை. ஊருக்கொரு கோசு இருந்தான். ஆகவே இரசிகர் பட்டங்களைப் படைத்தனர். 2001இல் புகழின் உச்சியை அடைந்த லிம் யோ ஹ்வான் ‘பேரரசர்’ எனப்பட்டார். அவருடைய இரசிகர் மன்றத்திலே பல இலட்சம்பேர் சேர்ந்திருந்தனர். லீ யூன் யோல் ‘மேதை’; சோய் யோன் சொங் ‘பூதம்’. இவ்வரிசையில் ஹொங் ஜின் ஹோவையும் சொல்லாமல் விடலாகாது. ‘புயல்’ என்று பெயரெடுத்த அவர் பெரும் இறுதிப்போட்டிகளில் மீண்டும் மீண்டும் இரண்டாமிடமே பெற்றார். இரசிகர் அவரைப் பரிகசித்தபடியே நேசித்தனர். இரண்டு என்ற எண்ணைக் கண்டாலே அவரை நினைத்துக்கொள்ளும் வழக்கம் கொரிய இணையத்தில் இன்றும் உண்டு. முதல்வர் பலரினும் அவர் நீண்டகாலம் நினைக்கப்படுகிறார்.

இவர்களுள் ஒருகாலத்தின் ஐயமற்ற தலைவன் யார் என்ற வழக்கிலேதான் பொன்ஜுவா என்னும் சொல் தலையெடுத்தது. ‘இந்தப் பீடம்’ என்பது அதன் நேர்ப்பொருள். வீரக்கதை நூல்களிலே ஒரு மறைக்கூட்டத்தின் தலைவன் ‘நான்’ என்று சொல்லாமல், ‘இப்பீடம் ஆணையிடுகிறது’ என்று பேசுவான். அவ்வாறு தன்னைத்தான் குறிக்கும் சொல்லை இரசிகர் பிறரால் சூட்டப்படும் மகுடமாக மாற்றினர். அதற்கு எழுதாத விதிகளும் இருந்தன. ஒரு பட்டம் வென்றாற் போதாது. எல்லா இனத்தாரையும், எல்லாக் களங்களிலும், நெடுங்காலம் அடக்கியாண்டிருக்க வேண்டும். லிம், லீ, சோய் என்ற வரிசையில் நான்காவதாக வைக்கப்பட்டவர் மா ஜே யூன்.

அவருடைய கதை ஒரு வாரத்தில் ஏறி இறங்கிய கதை. 2007 பெப்ரவரி 24இல் அவர் முன்னைய பொன்ஜுவாவாகிய லீ யூன் யோலை இறுதியாட்டத்தில் வென்றார். மகுடம் உறுதியாயிற்று என்றனர். மார்ச் 3இல் மற்றொரு போட்டியின் இறுதியில், கிம் தெக் யோங் என்னும் இளைஞர் அவரை மூன்றுக்குப் பூச்சியம் என்ற கணக்கில் தோற்கடித்தார். அந்த இனத்தைக் கொண்டு அவரை வெல்லல் அரிதென்று யாவரும் எண்ணியிருந்த காலம் அது. கொரியர் அந்த நாளை ‘மூன்றுமூன்று புரட்சி’ என்று இன்றும் சொல்வர். அதுவரை எல்லாம் விளையாட்டின் இயல்பே. தோற்றவனும் பொன்ஜுவாவாகவே நினைக்கப்படலாம்.

ஆனால் 2010இல் வேறொன்று வெளிப்பட்டது. சட்டவிரோதப் பந்தயக்காரரோடு சேர்ந்து, ஆட்டங்களிலே வேண்டுமென்றே தோற்கும்படி ஆட்டக்காரர் சிலர் ஏற்பாடு செய்திருந்தனர். மா ஜே யூனும் அதில் சம்பந்தப்பட்டிருந்தார். மின்விளையாட்டுச் சங்கம் பதினொரு பேரை என்றென்றைக்குமாக விலக்கியது. நீதிமன்றம் மாவைக் குற்றவாளியெனக் கண்டு, ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. இரசிகருக்கு எழுந்த சிக்கல் ஒரு சொல்லைப் பற்றியது. நான்கு பெயர் கொண்ட வரிசையில் நான்காவதை அழிப்பதா? அழித்தால், அவர் உண்மையாகவே வென்ற நாட்களை என்ன செய்வது? அழியாது விட்டால், மற்ற மூவரின் மகுடத்திலும் கறைபடியாதோ? பலர் அவரது பெயரைச் சொல்வதையே விட்டனர். வேறு சிலர் பொன்ஜுவா என்னும் சொல்லையே கைவிட்டனர். அதன்பின் எல்லாரினும் மேம்பட்டு நின்ற லீ யோங் ஹோவை அழைக்க, ஆங்கிலத்திலே கடவுளைக் குறிக்கும் சொல்லைக் கடன்வாங்கிப் பெயரின் முன்னே ஒட்டினர். கொரிய எழுத்திலே அது ‘காத்’ என்றாகும். பழைய பிரபுக்கள் அணிந்த குதிரைமயிர்த் தொப்பிக்கும் அதே எழுத்து, அதே ஒலி. மகுடம் போய்த் தொப்பி வந்ததென்று யாரேனும் பகிடி பண்ணினார்களோ, அறியேன்.

2011 டிசம்பரில் லீக் ஒவ் லெஜண்ட்ஸ் என்ற ஆட்டம் கொரியாவுக்கு வந்தது. ஐவர் ஐவராகச் சேர்ந்து பொரும் ஆட்டம் அது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று உலோகப் பெயர்களால் நிறுவனமே தரம் வகுத்துக் கொடுத்தது. கொரியர் அப்பெயர்களோடு அமையவில்லை. கீழ்த்தரங்களை சிம்ஹே, ஆழ்கடல், என்றனர். ஒளிபுகாத இடம், விழுந்தவன் மேலெழுதல் அரிது. உச்சியை வானுலகம் என்றனர். வல்லவன் ஒருவனின் துணையால் தரம் உயர்ந்தவனை, ‘பேருந்தில் ஏறினான்’ என்றும், தூக்கிச் சென்றவனை ‘பேருந்துச் சாரதி’ என்றும் கேலி செய்தனர்.

கேலி ஒருபுறமிருக்க, பிறனுக்காகப் பணம் பெற்று, அவன் பெயரில் ஆடித் தரத்தை உயர்த்திக் கொடுப்பது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. 2018 டிசம்பரில் கொரியப் பாராளுமன்றம் இதனைத் தடுக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. 2019 ஜூன் முதல் அத்தொழிலைச் செய்வோருக்கு ஈராண்டு வரை சிறை அல்லது இரண்டு கோடி வொன் வரை தண்டம் விதிக்கலாம். பொழுதுபோக்கில் ஒருவன் பெறும் பட்டத்தைக் காக்க நாட்டின் குற்றச்சட்டம் தலையிட்டதை வேடிக்கையென்று சிலர் எண்ணக்கூடும். தரம் ஒருவனது நன்மதிப்பாகிவிட்ட சமூகத்தில் அதனைப் பொய்யாக வாங்குவது கள்ளச் சான்றிதழுக்கு ஒப்பானது என்று அந்நாட்டார் கருதினர்.

இச்சொற்களுக்கெல்லாம் தாயகமான பாதுக் பலகையிடம் ஒருமுறை திரும்புவோம். 2016 மார்ச் மாதத்திலே சியோல் நகரில், ஒன்பதாந் தரத்தவரான லீ செ டோல், அல்பாகோ என்னும் கணனி நிரலோடு ஐந்து ஆட்டங்கள் ஆடினார். நான்கில் தோற்றார். மார்ச் 15ஆம் நாள், இறுதியாட்டம் முடிந்ததும், கொரிய பாதுக் கழகம் அந்த நிரலுக்கு ஒன்பதாந் தரத்துக்கான கௌரவச் சான்றிதழ் வழங்கியது. சான்றிதழின் தொடரிலக்கம் 001. தெய்வநிலை புகுந்தவன் என்ற பழம்பெயர், கல்லைப் பிடிக்கக் கையே இல்லாத ஒன்றுக்குச் சென்றது. பலகையின் முன்னமர்ந்து அதற்காகக் கல் வைத்தவர் வேறொருவர்.

லீ வென்ற ஒரே ஆட்டம் நான்காவது. அது மார்ச் 13ஆம் நாள் நடந்தது. தோல்வி நெருங்கிய வேளையில், எழுபத்தெட்டாவது கல்லை அவர் நடுவிலே இரு கற்களின் இடுக்கில் வைத்தார். அதன்பின் சிறிது நேரத்தில் நிரலின் ஆட்டம் குழம்பலாயிற்று. அந்த எழுபத்தெட்டாங் கல்லைக் கொரியர் ‘கடவுளின் ஒரு கை’ என்று அழைக்கின்றனர்.